300 பேர்கூட இல்லாத மலையூரில் இவ்வளவு பெரிய கோயில் எப்படி வந்தது? (பிரான்ஸ், கோங்க்)

வெண்கொக்கு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் துலூஸில் குடியிருக்கிறேன். போன மாதம் ரொதேஸ் பக்கம் ஒரு வேலையாகப் போனபோது, கூட வந்த தோழி "இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான், வா" என்று கோங்க் என்ற ஊருக்கு அழைத்துப் போனாள். அந்த ஊரைப் பற்றி எனக்கு முன்னே பின்னே எதுவும் தெரியாது. தூர்து ஆற்றை ஒட்டிய ரோட்டில் போய்க்கொண்டே இருந்தோம், இருபக்கமும் காடு, ஒரு கடை கண்ணி கிடையாது, அப்புறம் ஒரு வளைவில் திரும்பியதும் மலைச்சரிவில் கறுப்புக் கூரை வீடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, அதற்கு நடுவில் மூன்று கோபுரத்தோடு ஒரு கோயில். எனக்குப் பேச்சே வரவில்லை.

மூன்று மணி நேரம்தான் இருந்தோம். திரும்பி வந்து பத்து நாளாகியும் மனசு அங்கேதான் நிற்கிறது. 2016இல் பக்கத்துக் கிராமங்களோடு சேர்த்து கோங்க்-ஆன்-ரூவேர்க் என்று ஒரே கம்யூனாக (அதாவது ஒரே ஊராட்சியாக) ஆக்கும் வரை, இந்த ஊரில் 300 பேர்கூடக் கிடையாதாம். இத்தனை சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கோயில்? ஒதுக்குப்புறமான இந்தப் பள்ளத்தாக்கை யார் தேடி வந்தார்கள்? அப்புறம் கோயிலில் பார்த்த அந்தத் தங்கச் சிலை. முழுக்கத் தங்கத் தகடு, அதில் ஒட்டியிருக்கும் கற்களை எண்ணி முடியாது. ராஜாக்களின் பொருளையெல்லாம் உருக்கித் தள்ளிய பிரெஞ்சுப் புரட்சியில் இது மட்டும் எப்படித் தப்பியது?

இன்னொன்றும் கேட்கணும். மாமனாரை ஒரு முறை அழைத்துப் போகலாம் என்றிருக்கிறேன். அவருக்கு முழங்கால் வலி, ஆனால் கல்வேலை என்றால் உயிர். எதைப் பார்க்கணும், எந்த நேரத்தில் போகணும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழஞ்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி சகோதரி. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். லத்தீனில் கோன்கா என்றால் சிப்பி, சங்கு. ஊஷ் என்ற ஓடை மலையை அறுத்துக்கொண்டு வந்து தூர்து ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே, சிப்பியின் உள்பக்கம் போலக் குழிந்த சரிவில் ஊர் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் தாதோன் என்ற துறவி தனியாக இருக்க இடம் தேடித்தான் இங்கே வந்தார். ஆள் நடமாட்டம் இல்லை என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது, ஆக நீங்கள் "ஒதுக்குப்புறம்" என்று குறையாகச் சொன்னதுதான் இந்த ஊர் பிறந்ததற்கே காரணம். அப்புறம் அவரைச் சுற்றி ஆட்கள் சேர, அது பெனடிக்ட் சபை மடமாக மாறியது. அக்கித்தேன் நாட்டை அப்போது ஆண்ட லூயி, அதாவது சக்கரவர்த்தி சார்லமேனின் மகன், மடத்துக்கு ஆதரவு கொடுத்தார்.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. செங்குத்தான சரிவில் எத்தனை துறவிகளுக்குத்தான் இடம் இருக்கும்? மேற்கே ஃபிஜாக்கில் சமதளத்தில் "புதிய கோங்க்" என்று இன்னொரு மடம் எழும்பியது. அங்கே இடம் உண்டு, போக்குவரத்து உண்டு. பழைய மடம் ஆள் இல்லாமல் அழிந்துபோகும் நிலைமை. அந்தக் காலத்தில் ஒரு மடத்துக்கு மக்கள் வரணும், காணிக்கை சேரணும் என்றால் பெயர் பெற்ற ஒரு புனிதரின் எலும்பு வேண்டும், அதாவது திருப்பண்டம். கோங்க் மடத்தில் அப்படி எதுவும் இல்லை.

இங்கேதான் அந்தத் திருட்டு வருகிறது. அஜான் நகரத்தில் ஃபுவா என்று ஒரு சிறுமியின் கல்லறை இருந்தது. ஃபுவா என்றால் விசுவாசம். 303 வாக்கில், ரோமப் பேரரசர் தியோக்ளேசியான் கிறிஸ்தவர்களை வேட்டையாடிய காலத்தில், தெய்வங்களுக்குப் பலி கொடுக்க மாட்டேன் என்றதற்காக அவளைக் கொன்றார்கள், பன்னிரண்டு வயசுப் பெண் என்கிறது மரபு. 866 வாக்கில் கோங்க் மடத்துத் துறவி ஒருவர் அந்த எலும்புகளைக் கொண்டுவந்து சேர்த்தார். எப்படி என்பதை மடத்துக்காரர்களே பின்னால் எழுதி வைத்திருக்கிறார்கள்: அவர் அஜானுக்குப் போய், யாரென்று காட்டிக்கொள்ளாமல் அங்குள்ள குருக்களோடு சேர்ந்து, பத்து வருஷம் நல்ல பெயர் எடுத்து, கல்லறைக்கே காவலாளி ஆகி, ஒரு நாள் இரவு கல்லறையை உடைத்து எலும்புகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். இதை அவர்கள் மறைக்கவில்லை, கொண்டாடினார்கள். புனிதைக்குச் சம்மதம் இல்லாவிட்டால் தன்னைத் தூக்கிப்போக விட்டிருப்பாளா என்பது அவர்கள் நியாயம்.

எலும்பு வந்த பிறகு எல்லாமே மாறியது. குறிப்பாக 10ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கிபெர் என்ற ஒருவருடைய கண்களை அவருடைய எஜமானே பிடுங்கிவிட, ஃபுவாவின் அருளால் ஒரு வருஷம் கழித்துப் பார்வை திரும்பியது என்று செய்தி பரவியது. கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். நீங்கள் பார்த்த ஃபுவாவின் சிலைக்குத் தங்கமும் கற்களும் இப்படித்தான் சேர்ந்தன. ஒரே நாளில் ஒரே கையால் செய்த சிலை இல்லை அது. உள்ளே மரக்கட்டை, மேலே தங்கத் தகடு, 85 சென்டிமீட்டர் உயரம். முகத்தைக் கவனித்தீர்களா? உடம்போடு ஒட்டாமல், பெரியதாக, ஆண் முகம்போல இருக்கும். அது ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துத் தலை, அதைக் கொண்டுவந்து இந்த உடம்பில் வைத்திருக்கிறார்கள். கைகள் பல நூற்றாண்டு கழித்து மாட்டியவை. உடையில் பதித்திருக்கும் கற்களில் ரோமானியர் செதுக்கிய பழைய மணிகளும் உண்டு. வந்தவர்கள் காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுக்கக் கொடுக்க, அவள்மேல் ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

1013 வாக்கில் ஆன்ஜேயிலிருந்து பெர்னார் என்ற படித்த குரு ஒருவர் வந்தார். இந்தச் சிலையைப் பார்த்ததும் அவருக்கு எரிச்சல், இது ஜூப்பிட்டர் சிலையையோ மார்ஸ் சிலையையோ கும்பிடுவதுபோல இருக்கிறதே என்று கூட வந்தவரிடம் சொன்னாராம். ஊரில் தங்கி மக்களிடம் பேசப் பேச மனம் மாறி, கடைசியில் அவரே ஃபுவாவின் அற்புதங்களைத் தொகுத்து நூலாக எழுதினார். அதில் வரும் ஃபுவா நிஜமாகவே ஒரு குழந்தை: கனவில் வந்து மோதிரம் கேட்பாள், கொடுக்காவிட்டால் விடமாட்டாள், கிராமத்து ஆட்களோடு விளையாடுவாள். அந்த விளையாட்டுக்கு ஊர்க்காரர்களே தனிப் பெயர் வைத்திருந்தார்கள் என்கிறார் பெர்னார்.

11ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்போதைய கோயிலைக் கட்ட ஆரம்பித்தார்கள். அதற்குள் ஸ்பெயினில் இயேசுவின் சீடர் சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்துபோகும் வழக்கம் பெருகி, லெ புய் என்ற பிரெஞ்சு நகரத்திலிருந்து போகும் பாதையில் கோங்க் முக்கியமான தங்கல் ஆகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டில் எழுதிய யாத்திரை வழிகாட்டியில் இந்த ஊர்ப் பெயர் இருக்கிறது. ஆகவே அந்தக் கோயில் ஊர் ஜனத்தொகைக்காகக் கட்டியதே இல்லை, வழியில் வருபவர்களுக்காகக் கட்டியது. உள்ளே கூட்டம் முட்டாமல் பீடத்தைச் சுற்றிப் போய் வர ஒரு நடைவழி இருக்கும் பாருங்கள், அது அதற்குத்தான்.

---

நடைராசன் எழுதியது:

பழஞ்சுவடி அண்ணை சொன்னதுக்கு மேலே சரித்திரம் சொல்ல எனக்குத் தெரியாது. நான் நடந்து போனவன், அதைச் சொல்கிறேன். லெ புய்யில் தொடங்கி ஜேஎர் 65 என்ற நடைபாதையில் பத்து நாளுக்கு மேலே நடந்து கோங்க் போய்ச் சேர்ந்தேன். காரில் போகிறவர்களுக்கும் நடந்து வருகிறவர்களுக்கும் அந்த ஊர் வேறு வேறு முகம் காட்டும், தங்கச்சி.

ஒப்ராக் மேட்டுநிலம் என்று ஒன்று வரும். மரமே இல்லை, காற்று, மாடு, கல்வேலி, அவ்வளவுதான். அதைத் தாண்டி லொத் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கினால் பச்சையாக, சூடாக, வேறு நாடு மாதிரி இருக்கும். பிறகு திரும்பவும் ஏற்றம். கடைசி நாள் முழுக்க நீங்கள் மேட்டிலேயே நடப்பீர்கள், ஊர் எங்கே என்று தெரியவே தெரியாது. கோங்க் மேலே இல்லை, கீழே ஒளிந்திருக்கிறது. கல்லும் ஈர இலையுமாக வழுக்கும் ஒரு ஒற்றையடிப் பாதையில், கஷ்கொட்டை மரங்களுக்கு நடுவே, முழங்கால் நோக நோக இறங்கவேண்டும். இறங்கிக்கொண்டே இருக்கும்போது முதலில் ஒரு கூரை காலுக்குக் கீழே தெரியும். அப்புறம் இன்னொன்று. எனக்கு அன்றைக்கு மழை. கூரைகள் எல்லாம் மீன் செதில் மாதிரி மினுங்கிக்கொண்டு கிடந்தன.

அந்தக் கூரைக் கல்லுக்கு லோஸ் என்று பேர். ஷிஸ்ட் என்ற பாறை ஏடு ஏடாகப் பிரியும், அதைத் தட்டிச் செதுக்கி ஓடாக அடுக்குகிறார்கள். வீட்டுச் சுவரும் அதே கல். சில வீடுகளில் மேல்மாடி மட்டும் மரச்சட்டம் அடித்து இடையில் கல்லும் சாந்தும் அடைத்திருப்பார்கள். சரிவு என்பதால் ஒரு தெருவில் கீழ்வாசல், பின்னால் மேல்தெருவில் மாடிவாசல். கோயில் மட்டும் வேறு நிறம் என்பதைக் கவனித்திருப்பீர்கள். மஞ்சள் சுண்ணக்கல், தூர்து பள்ளத்தாக்கின் சிவப்பு மணற்கல், உள்ளூர் ஷிஸ்ட், மூன்றும் கலந்து இருக்கும். ரொதேஸிலிருந்து வரும் வழியில் மண் இரத்தச் சிவப்பாக இருக்குமே, அந்தச் சிவப்பு. அந்தப் பக்கத்துச் சரிவுகளில்தான் மார்சியாக் திராட்சை விளைகிறது. கோங்க் துறவிகள் வளர்த்த தோட்டங்கள் என்று ஆட்கள் இன்றைக்கும் பெருமையாகக் கதைப்பார்கள்.

மறுநாள் கிளம்பியதைத்தான் நான் மறக்கமாட்டேன். சார்லமேன் தெருவில் ஆற்றுக்கு இறங்கி, பழைய பாலத்தைத் தாண்டி (யாத்திரிகர் பாலம் என்பார்கள், 1998இல் யுனெஸ்கோ கோயிலோடு சேர்த்து இந்தப் பாலத்தையும் உலக மரபுப் பட்டியலில் போட்டது), எதிர்மலையில் ஏறினால் பாதி வழியில் புனித ஃபுவா பேரில் சின்னதாக ஒரு சிற்றாலயம் உண்டு. அங்கே ஒரு மணி. நடந்துபோகிறவர்கள் அதை அடித்துவிட்டுப் போவார்கள். நானும் அடித்தேன். அங்கே நின்று திரும்பிப் பார்த்தால்தான் சிப்பி என்று ஏன் பேர் வைத்தார்கள் என்று வடிவாக விளங்கும். கொஞ்சம் கழித்து, மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, எனக்குப் பின்னால் வந்த யாரோ அடித்த மணிச்சத்தம் கேட்டது. அது யார் என்று கடைசிவரை தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குத் துணையாக இருந்தது.

---

மாற்றுக்கருத்து எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் அஜான்காரர்கள் பக்கம் யாரும் பேசவில்லையே. அவர்கள் ஊரில் இறந்த பெண், அவர்கள் கும்பிட்ட கல்லறை. பத்து வருஷம் நம்பவைத்து ஒருவன் உடைத்து எடுத்துப் போனதை "புனிதமான திருட்டு" என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டால் முடிந்ததா? இழந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

---

பழஞ்சுவடி எழுதியது:

நியாயமான கேள்வி. நான் அதை நல்ல காரியம் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இது கோங்க் மட்டும் செய்த வேலையும் இல்லை, ஐரோப்பா முழுக்க மடங்கள் இப்படித் திருப்பண்டங்களை எடுத்துப் போயிருக்கின்றன, அதற்கென்றே கதை எழுதும் ஒரு வகையே வளர்ந்திருந்தது. வைக்கிங் படகுகள் ஆற்று வழியாக ஏறிவந்து கொள்ளையடித்துக்கொண்டிருந்த நூற்றாண்டு அது, அதனால் ஆற்றங்கரை நகரத்திலிருந்து மலைக்குள் கொண்டுபோனது பாதுகாப்புக்காக என்றும் சிலர் சொல்வார்கள். ஆனாலும் அஜான் இழந்தது இழந்ததுதான். நீங்கள் அதைக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி, கோங்க் பற்றி எழுதும்போது அதை நானே சொல்லியிருக்க வேண்டும்.

---

உளிச்சத்தம் எழுதியது:

வெண்கொக்கு அக்கா, உங்கள் மாமனாருக்குக் கல்வேலை பிடிக்கும் என்றதால் எழுதுகிறேன். மேற்கு வாசலுக்கு மேலே இருக்கும் அந்த அரைவட்டச் சிற்பத்துக்கு (தெம்பான் என்பார்கள்) ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது, இறுதித் தீர்ப்பு நாள். 124 உருவங்கள். பொறுமையாகப் பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான் அது திறக்கும்.

நடுவில் இயேசு, வலது கை மேலே, இடது கை கீழே. நமக்கு இடப்பக்கம் சொர்க்கம், வலப்பக்கம் நரகம். சொர்க்கத்தில் எல்லாம் ஒழுங்கு, வளைவுக்கு ஒருவராக அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். மேலே மாதாவும் சாவியோடு இராயப்பரும் (பேதுரு) முன்னால் போக, பின்னால் ஒரு மடாதிபதி ஒரு ராஜாவைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறார். ராஜா சார்லமேன் என்பார்கள். அவர் நடையைப் பாருங்கள், தயங்கித் தயங்கி வருகிற நடை. அவ்வளவு பெரிய சக்கரவர்த்தியையே ஒருத்தர் கைப்பிடித்துக் கூட்டிவர வேண்டியிருக்கிறது. மடத்துக்குக் கொடுத்த தானத்துக்காகத்தான் உள்ளே விடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன்.

அதற்குக் கீழே, வளைவு ஓரத்தில், எனக்கு உயிரான ஒரு மூலை. ஒரு சின்னப் பெண் தரையில் குப்புற விழுந்து கும்பிடுகிறாள், மேகத்திலிருந்து பெரிய கை ஒன்று நீண்டு வந்து அவள் தலையைத் தொடப்போகிறது. அவள்தான் ஃபுவா. அவளுக்குப் பின்னால் வளைவுகளிலிருந்து கை விலங்குகள் தொங்கும். சிறைப்பட்டவர்கள் அவளை வேண்டிக்கொண்டு விடுதலையானால் தங்கள் விலங்கைச் சுமந்து வந்து இங்கே காணிக்கையாகக் கட்டுவார்கள். அந்த இரும்பை உருக்கித்தான் கோயிலுக்குள் பீடத்தைச் சுற்றி இருக்கும் கம்பித் தடுப்பைச் செய்தார்கள் என்பது ஊர் மரபு. உள்ளே போனால் அந்தக் கம்பிச் சுருள்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

நரகத்துப் பக்கம் சிற்பிக்குக் கை துள்ளியிருக்கிறது. குதிரையிலிருந்து தலைகீழாக விழும் வீரன், கழுத்தில் பணப்பையோடு தூக்கில் தொங்கும் கஞ்சன், நாக்கைப் பிடுங்க உட்காரவைக்கப்பட்ட ஒருத்தன். அடுத்தவன் காட்டில் வேட்டையாடியவனைக் கம்பியில் கட்டி வாட்டுகிறார்கள், வாட்டுகிற பூதங்களில் ஒன்றுக்கு முயல் தலை. கிரீடத்தோடு ஒரு ராஜாவும் உண்டு, மதத் தலைவர்களை வலைபோட்டுப் பிடிக்கும் பூதமும் உண்டு. மடத்துக் காசில் செதுக்கிய சிற்பத்தில் மடத்துக்காரர்களையே நரகத்தில் வைத்தது எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயம். நடுவில் தராசு: ஒரு பக்கம் அதிதூதர் மிக்கேல், எதிரே ஒரு பேய், நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துக்கொண்டே தட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறது. கீழ் விட்டத்தில் லத்தீனில், பாவிகளே, நடத்தையை மாற்றிக்கொள்ளாவிட்டால் கடுமையான தீர்ப்பு காத்திருக்கிறது என்று எழுதியிருக்கும்.

கடைசியாக வெளி வளைவைப் பாருங்கள். கல்லையே ஒரு துணி விளிம்பு மாதிரி சுருட்டி, அதற்குப் பின்னால் சின்னச் சின்னத் தலைகள் விரல்களால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். வேடிக்கை பார்ப்பவர்கள் என்றே அவற்றுக்குப் பெயர். என் மகள் கீழே நின்று ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினாள். நீலமும் சிவப்புமாகப் பழைய வண்ணம் இன்னும் அங்கங்கே ஒட்டியிருக்கிறது, சாயங்கால வெயில் நேரே முகத்தில் விழும்போது நன்றாகத் தெரியும்.

இனி அந்தத் தங்கச் சிலை எப்படித் தப்பியது என்ற கேள்வி. 1568இல் மதச் சண்டையில் புராட்டஸ்டண்ட் படை வந்து கோயிலுக்குத் தீ வைத்தது. அதிலும் தங்கம் போகவில்லை. புரட்சியின்போது நாடு முழுக்கக் கோயில் தங்கமும் வெள்ளியும் உருக்குவதற்குப் போயின. கோங்கிலும் எடுக்க ஆள் வரும் என்று தெரிந்ததும், ஊர்க்காரர்கள் பொருட்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்து வீடுகளிலும் தோட்டத்திலும் கஷ்கொட்டை காயவைக்கும் குடிசைகளிலும் ஒளித்துவைத்தார்கள். நிலைமை அடங்கியதும் திரும்பக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்கள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஏழைச் சனங்கள், மலைச்சரிவில் கஷ்கொட்டை தின்று வாழ்ந்தவர்கள். அந்தச் சிலையிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து விற்றிருந்தால் வாழ்நாள் ஓடியிருக்கும். அவர்கள் அதைத் தங்கமாகப் பார்க்கவில்லை, எங்கள் ஊர்ப் பெண் என்று பார்த்தார்கள். அஜானில் எடுத்ததற்கு இங்கே ஆயிரம் வருஷமாக வட்டியோடு பார்த்துக்கொண்டார்கள் என்றுகூட எனக்குத் தோன்றும், மாற்றுக்கருத்து ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

ஆனால் கட்டடத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துறவிகள் போய், யாத்திரையும் நின்று, கோயில் சிதிலமாகிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த உள்முற்ற மண்டபத்தை 19ஆம் நூற்றாண்டில் இடித்து, கல்லை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துப்போனார்கள். சில வளைவுகளும் நடுவில் இருந்த பச்சைக்கல் தொட்டியும்தான் மிச்சம். 1837இல் வரலாற்றுச் சின்னங்களின் ஆய்வாளராக இருந்த எழுத்தாளர் ப்ரோஸ்பெர் மெரிமே இங்கே வந்தார். இப்படிப்பட்ட வனாந்தரத்தில் இத்தனை செல்வம் இருக்கும் என்று தான் எதிர்பார்க்கவே இல்லை என்று அறிக்கையில் எழுதினார். நீங்கள் வளைவில் திரும்பியதும் பேச்சில்லாமல் போனது போலத்தான் அக்கா. அவர் விடாமல் முயன்றதால்தான் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. 1873இல் பிரமோந்த்ரே சபைத் துறவிகள் வந்து குடியேறினார்கள், இன்றும் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து வேலை நடந்துகொண்டிருந்தபோது பீடத்துக்குப் பின்னால் சுவருக்குள் ஒரு பெட்டி கிடைத்தது, அதில் ஃபுவாவின் எலும்புகள். யாரோ மதச் சண்டைக் காலத்தில் வைத்துப் பூசி மூடிவிட்டு, சொல்லாமலே போயிருக்கிறார்கள்.

---

ஒளிச்சிதறல் எழுதியது:

ஜன்னலைப் பற்றி யாருமே சொல்லாதது ஆச்சரியமாக இருக்கிறது. உள்ளே போனதும் வண்ணக் கண்ணாடி இல்லையே என்று ஏமாந்திருப்பீர்கள் அக்கா, நானும் முதலில் ஏமாந்தேன்.

அந்த 104 ஜன்னல்களையும் செய்தவர் ஓவியர் பியர் சூலாஜ். 1919இல் ரொதேஸில் பிறந்தவர், கறுப்பு வண்ண ஓவியங்களால் உலகப் புகழ் பெற்றவர், 2022இல் 102 வயதில் காலமானார். பள்ளிப் பிள்ளையாக இந்தக் கோயிலுக்கு வந்தபோதுதான் கலைதான் தன் வாழ்க்கை என்று முடிவு செய்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு வயதான காலத்தில், 1986இல், இதே கோயிலுக்கு ஜன்னல் செய்யும்படி அரசு கேட்டது. 1994இல் வேலை முடிந்தது. அதுவரை இருந்த வண்ணக் கண்ணாடிகளை எடுத்துவிட்டு நிறமே இல்லாத கண்ணாடியை வைப்பதா என்று ஊரில் முணுமுணுப்பு எழுந்தது. அதை நான் தப்பாகச் சொல்லமாட்டேன், பிறந்ததிலிருந்து பார்த்த ஜன்னல் யாருக்கும் பிரியமானதுதான்.

ஆனால் அவர் செய்ததைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கணும். தனக்கு வேண்டிய கண்ணாடி எங்கும் கிடைக்காததால், நூற்றுக்கணக்கில் சோதனை செய்து புதிதாக ஒரு கண்ணாடியையே உண்டாக்கினார். வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் வெளியே இருப்பது தெரியாது. கண்ணாடி சில இடத்தில் அடர்த்தி, சில இடத்தில் மெலிவு, அதனால் ஒரே ஜன்னலில் வெளிச்சம் பல மாதிரி கசியும். ஈயக் கோடுகள் நேராக இல்லாமல் காற்றில் சாய்ந்த புல்போல வளைந்து போகும். காலையில் ஒரு பக்கம் நீலம் படிந்திருக்கும், எதிர்ப் பக்கம் வெதுவெதுப்பான மஞ்சள், சாயங்காலம் தலைகீழாக மாறும். நிறமே போடாத கண்ணாடி, நிறத்தைப் பொழுதே போடுகிறது. சுமார் 22 மீட்டர் உயரத்துக்கு எழும்பும் அந்தக் குறுகலான கல் கூடத்தில் வண்ணக் கண்ணாடி வைத்திருந்தால் கல்லின் மஞ்சளும் சிவப்பும் செத்துப்போயிருக்கும். நான் பாதி நாள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

---

வெண்கொக்கு எழுதியது:

எல்லோருக்கும் என்ன சொல்வது என்றே தெரியவில்லை. விலங்கும் அந்தக் கையும் இருக்கும் மூலையை நான் பார்க்கவே இல்லை! ஃபுவா கோயிலுக்குள் தங்கமாக மட்டும்தான் இருக்கிறாள் என்று நினைத்துவிட்டேன். நடைராசன் அண்ணா, மணிச்சத்தத்தைப் படித்துவிட்டு என் கணவரிடமும் வாசித்துக் காட்டினேன். அடுத்த மாதமே மாமனாரை அழைத்துப் போகிறோம். முழங்கால் விஷயம்தான் கவலை, அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.

---

உளிச்சத்தம் எழுதியது:

அக்கா, ஊர் முழுக்கச் சரிவு, தரையில் கரடுமுரடான கல், மழை பெய்தால் வழுக்கும். சார்லமேன் தெருவில் மட்டும் அவரை இறக்கிவிடாதீர்கள், இறங்கிவிடலாம், ஏறுவதுதான் பாடு. முடிந்தால் அவரை முதலில் கோயிலுக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு நீங்கள் வண்டியை நிறுத்தப் போங்கள். வாசலுக்கு முன்னால் உள்ள சின்னச் சதுக்கத்தில் நின்றாலே சிற்பம் முழுசும் தெரியும், ஆனாலும் ஒரு மடக்கு நாற்காலியும் பைனாகுலரும் எடுத்துப் போங்கள், கழுத்தும் காலும் தப்பிக்கும். தங்கச் சிலை இருக்கும் புதையல் அறை கோயிலை ஒட்டியேதான், அதிகம் நடக்க வேண்டாம்.

நேரம் என்றால் பிற்பகல் போய் ஒரு இரவு தங்குவதுபோல வையுங்கள். பகலில் வரும் பேருந்துக் கூட்டம் ஐந்தாறு மணிக்குக் கிளம்பிவிடும், அதே நேரத்தில்தான் வெயிலும் வாசலுக்கு வரும். கோடைக் காலத்தில் இரவு ஜெபம் முடிந்ததும் துறவி ஒருவர் வெளியே வந்து சிற்பத்தை ஒவ்வொன்றாக விளக்குவார், பிறகு உள்ளே ஆர்கன் வாசிப்பார்கள். அக்டோபர் 6 புனித ஃபுவா திருநாள், அதை ஒட்டிப் பவனியும் உண்டு. தேதி ஒத்துவந்தால் விடாதீர்கள், ஆனால் கூட்டம் இருக்கும்.

எதிர்மலைச் சிற்றாலயத்துக்கு அவரால் ஏற முடியாது. அதற்குப் பதில் பான்கரேல் என்று ஊருக்கு எதிரே ஒரு காட்சிமுனை உண்டு, அங்கே கார் போகும். அங்கிருந்து பார்த்தால் சிப்பி முழுசாகத் தெரியும்.

---

நடைராசன் எழுதியது:

தங்கச்சி, ஐயா பான்கரேலில் இருக்கட்டும், நீங்கள் பாலத்துக்கு இறங்கி அந்த மணி வரைக்கும் ஏறிவிட்டு வாங்கள். பள்ளத்தாக்கில் சத்தம் நன்றாக எடுக்கும். நீங்கள் அடித்தால் அவருக்குக் கேட்கும்.